வெறுங்கை

"இந்த ஊர்ல யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் எரிச்சல் அடங்குவதில்லை. லாஸ் வேகஸில் பிறந்து, லாஸ் வேகஸில் படித்து, இங்கேயே ஒரு கேசினோவில் சீட்டு மேசைகளை மேற்பார்வை பார்த்துத் தலை நரைத்தவள் நான். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே தெருவில்தான் நடப்பார்கள். போலிக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுப்பார்கள், நீரூற்று ஆடுவதைப் பார்ப்பார்கள், தோற்றுப்போனதற்கு ஊரைத் திட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள். அந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபது லட்சம் பேருக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், பல்வலிக்கு வைத்தியம் பார்க்கிறோம், பக்கத்து வீட்டு நாயோடு சண்டை போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றாது. இங்கே நாங்கள் சாகவும் செய்கிறோம். அது அவர்களுக்குச் சுத்தமாகத் தோன்றாது.

டேல் ஹால்வர்சன் ஜூலை மாதத்தில் ஒரு ஓட்டலின் மொட்டைமாடியில் செத்துப்போனார். ஏசி மெக்கானிக். கீழே அறைகளில் விருந்தாளிகள் குளிர்கிறது என்று கூடுதல் போர்வை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மேலே கொதிக்கிற தகரத்துக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். என் வீட்டு ஏசி நின்றுபோன ஒரு ஆகஸ்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து சரிசெய்துவிட்டு, ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்துவிட்டுப் போனவர்.

அவர் மனைவி ரொவீனா என் மேசைகளில் சீட்டுப் போடுகிறவள். பிலிப்பைன்ஸ்காரி. இலோய்லோ என்ற ஊரிலிருந்து இளம்வயதில் வந்து, எங்கள் ஊர்க்காரியாகவே ஆகிவிட்டவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். டேலுக்கு முதல் மனைவி மூலம் ஒரு பெண் உண்டு, பிரிட்டா. பெற்றவள் இறந்தபோது அவள் கைக்குழந்தை. ரொவீனா இந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. இப்போது பதின்மூன்று வயது, பள்ளி வாத்தியக் குழுவில் தன் உயரத்துக்கு ஒரு குழலை வைத்து ஊதுகிறாள். ரொவீனாவை அம்மா என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆனால் சட்டப்படி ரொவீனா அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை. தத்தெடுக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் வருடா வருடம் பேசுவார்கள், வருடா வருடம் தள்ளிப்போடுவார்கள். டேல் சாவார் என்று யார் நினைத்தார்கள்? இப்போது அவர் போய்விட்டார். நெப்ராஸ்காவிலிருந்து அவருடைய பெற்றோர் பழைய பிக்அப் வண்டியில் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மகனைப் புதைக்க வந்தவர்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டுதான் போவார்களோ என்ற பயத்தில் ரொவீனா அழக்கூட மறந்து நடமாடினாள்.

டேலின் தாய் ஆர்லிஸ் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அவளோடு நிறையச் சண்டை போட்டேன். அவளுக்கு எங்கள் ஊர்மேல்தான் கோபம். வந்த மறுநாள் காலையில் பிரிட்டாவோடு பால் வாங்கக் கடைக்குப் போனவள், வாசலிலேயே சூதாட்ட இயந்திரங்களையும் அவற்றின் முன்னால் காலைப் பலகாரத்தைத் தின்றுகொண்டே பொத்தானை அமுக்கும் கிழவரையும் பார்த்துவிட்டு, பேத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

"பால் கடையிலயுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஏர்போர்ட்லயும் இருக்கு. எங்க ஊருப் பிள்ளைங்க அத ஏறெடுத்தும் பாக்காதுங்க. உங்க ஊர்ல சோளக்கொல்லைய யாரு நின்னு வேடிக்கை பாக்குறா?" என்றேன்.

ஆர்லிஸின் கணவர் வெர்னன் மூக்கால் சிரித்தார்.

வெர்னனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. துக்கத்தைக் கையில் ஸ்பேனரைப் பிடித்துத்தான் கழிப்பார் போலிருக்கிறது. ரொவீனாவின் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"பாலைவனத்துல வீட்டக் கட்டிட்டு, குழாய ஒழுக விட்டு வேடிக்கை பாக்குறீங்க. பெரிய பணக்காரங்கதான்," என்று தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"டேல்தான் பாக்கறேன் பாக்கறேன்னு சொல்லிட்டே இருந்தாரு மாமா," என்றாள் ரொவீனா.

"அவனா? ஊரு முழுக்க ரிப்பேர் பண்ணுவான், சொந்த வீட்டத் தவிர. சின்ன வயசுலயே அப்படித்தான்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் கேட்கவில்லை.

அந்த வீட்டில் அவர் எல்லாவற்றையும் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூடிவைத்த பாத்திரங்களோடு வரிசையாக வந்ததைப் பார்த்தார். பிரிட்டாவின் ஆசிரியர் வந்து முழுசாக ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அடக்கத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் பிள்ள இங்கயே இருக்கட்டும்னு நெனைக்கிறேன். லீவுக்கு எங்ககிட்ட வரட்டும். என்ன ஆர்லிஸ்?"

ஆர்லிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தாள். முழுமனதோடு இல்லை, ஆனாலும் அசைத்தாள். ரொவீனா எழுந்து பின்வாசலுக்குப் போய், டேல் செத்த பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நான் போய் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அடக்கத்துக்கு எங்கள் கேசினோவிலிருந்து பெருங்கூட்டம் வந்தது. பாதிப் பேர் வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தவர்கள். மேசையில் போடும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் துக்கத்துக்கும் பொருந்திப்போயின. பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். அந்த வெயிலில் அதற்குமேல் கடவுளே கேட்டிருக்கமாட்டார். பெட்டியை இறக்கினார்கள். ரொவீனா முதலில் போய் ஒரு பிடி மண் போட்டாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போட்டோம். எங்கள் மண் காய்ந்த மண், கையில் ஒட்டாது, பொடியாகப் பறக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றுதான் நான் சத்தியமாக நம்பினேன்.

தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. ரொவீனாவின் தோழிகள் பெரிய தட்டுகளில் நூடுல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார்கள், நான் கோழி பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். ஆர்லிஸ் எதையும் தொடவில்லை. ரொவீனா ஒரு தட்டில் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றாள்.

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க அத்தை."

"பிரிட்டா எங்ககூட வர்றா. நாளைக்கே," என்றாள் ஆர்லிஸ்.

ரொவீனா தட்டை மேசையில் வைத்தாள்.

"அத்தை... நேத்து மாமா சொன்னாரே. நீங்களும் சரின்னு..."

"நேத்து தெரியாதது இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது? நான் என்ன பண்ணேன்?"

ஆர்லிஸ் எழுந்து நின்றாள். தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். ஒருமுறை தட்டினாள். விரல்களை விரித்து உள்ளங்கைகளை மேலே காட்டினாள். பிறகு புறங்கைகளைக் காட்டினாள்.

"இதத்தான் பண்ண. எம் புள்ள மேல மண்ணப் போட்ட, கையத் தட்டின, முடிஞ்சுதுன்னு விரிச்சுக் காட்டின. நீதான் முதல்ல. உன் பின்னால ஒவ்வொருத்தரா வந்து அதே மாதிரி. நான் எண்ணக்கூட முடியாம பாத்துட்டு நின்னேன். உங்க ஊர்ல செத்தவன இப்படித்தான் தட்டி உதறிட்டுப் போவீங்களா?"

ரொவீனா மண் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. பார்த்திருப்பேன், கண்ணில் பட்டிருக்காது. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படாது.

சீட்டு மேசையை விட்டு எழுந்திருக்கும் ஒவ்வொருவரும் அதைச் செய்தாக வேண்டும். கூரையில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். கைகளைத் தட்டி, திருப்பிக் காட்டி, பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் ஒரு சில்லைக்கூட நான் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் ஒதுங்கிப்போகக்கூட முடியும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது உடம்பில் ஏறிவிடும். பாத்திரம் கழுவி முடித்ததும் செய்வோம். காணிக்கைத் தட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிட்டுச் செய்வோம். தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் செய்தவர்களை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"ஆர்லிஸ், இங்க பாருங்க," என்று நடுவில் புகுந்தேன். "அது அவமரியாதை இல்ல. தொழில் பழக்கம். மேசைய விட்டுப் போறப்ப கையில எதுவும் இல்லன்னு மேல இருக்கிற கேமராவுக்குக் காட்டணும். நாள் பூரா அதத்தான் பண்றோம். எங்களுக்கே தெரியாம வந்துடும்."

"எம் புள்ள குழிக்கு மேல எங்க இருந்துச்சு கேமரா?"

ஆர்லிஸ் என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"தெரியாம வருதுன்னு சொல்ற பாரு, அதுதான் இன்னும் மோசம். புருஷனப் பொதைக்கிறப்பகூட இந்த ஊரு கைய விட்டுப் போகமாட்டேங்குது. வர்றவன் போறவன் எல்லாருக்கும் கைய விரிச்சுக் காட்டிக் காட்டி, உங்களுக்கு எது போனாலும் ஒண்ணுதான். என் பேத்தி இதக் கத்துக்க வேண்டாம்."

ரொவீனா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் பண்ணேனா அக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும்தான்டி பண்ணிருக்கோம்," என்றேன். எதையும் விளக்கி அடக்கிவிடலாம் என்ற என் வாய்த்துடுக்கு அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

சாயங்காலம் ரொவீனா வீட்டில் பிரிட்டாவின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வக்கீல் வைடி. ஏழு வருஷம் வளத்தவ நீ. பாட்டியும் தாத்தாவும் சொன்னா ஆச்சா?"

"வக்கீல்கிட்ட கேட்டேன் அக்கா. ரத்த சொந்தம் அவங்கதானாம். வழக்குப் போடலாமாம். போட்டா ஜட்ஜு பிரிட்டாவக் கூப்பிட்டு, உனக்கு யாரு வேணும்னு கேப்பாங்களாம்." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அப்பா செத்த வாரத்துல அந்தக் கேள்விய அவகிட்ட யாரும் கேக்க வேண்டாம். பாட்டிய வேண்டாம்னு சொல்லிட்டு அந்தப் பிள்ள எப்படித் தூங்கும்?"

பிரிட்டா கதவருகில் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் இங்கதான் இருப்பேன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி. காதுலயே வாங்கல," என்றாள். ரொவீனா அவளை அருகில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சம்பந்தமே இல்லாமல் என் கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலையில் அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கல்லறைக்குப் போனார்கள். வழி தெரியாது என்று நான் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ரொவீனா அவள் காரில் வந்தாள். பிக்அப்பின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் பிரிட்டாவின் பெட்டி இருந்தது, அந்தக் குழலும் இருந்தது. வெர்னன் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டியிருந்தார்.

எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. புதுக் குழியின்மேல் மலர்கள் வாடிச் சுருண்டு கிடந்தன. ஆர்லிஸ் குனிந்து மகன்மேல் கிடந்த மண்ணில் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"சுடுது," என்றாள். "வெயில்ல செத்தவன். வெயில்லயே போட்டு வச்சிருக்கோம்."

அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது பேத்தி அல்ல என்று எனக்குத் தோன்றியது. மகனை இப்படி ஒரு ஊரில், எல்லோரும் கிளம்பிப்போகிற ஒரு ஊரில், தனியாக விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவள் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

கல்லறையைப் பராமரிக்கும் எலாதியோ சற்றுத் தள்ளித் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க ஒரு மரம் வைக்கணும் தம்பி. எம் புள்ளைக்கு நிழலு வேணும்." வலதுபக்கம் தான் நின்றிருந்த இடத்தையே காட்டினாள். "இங்க."

எலாதியோ தொப்பியைக் கழற்றினான். "அங்க முடியாதும்மா. அந்த எடம் வித்தாச்சு."

"யாருக்கு?"

அவன் ரொவீனாவைப் பார்த்தான்.

"எனக்குத்தான் அத்தை," என்றாள் ரொவீனா. "அவருக்கு வாங்குனப்பவே எனக்கும் சேத்து வாங்கிட்டேன்."

எனக்கே அது தெரியாது. பிலிப்பைன்ஸ்காரிகள் செத்தால் உடலை ஊருக்கு அனுப்பவென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ரொவீனா எந்தக் காலத்திலோ அதில் பெயர் கொடுத்தவள். இலோய்லோவில் தன் அம்மா காலடியில்தான் படுப்பேன் என்று ஓய்வறையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

"உன் சொந்தம் எல்லாம் அங்கதானே?" என்று ஆர்லிஸ் கேட்டாள்.

"அங்கதான்."

"அப்புறம்?"

"இவரு இங்க இருக்காரே." ரொவீனா குழியின் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த ஊருக்கு எல்லாரும் வந்துட்டுப் போயிடுவாங்க அத்தை. பிரிட்டாவும் இப்ப உங்ககூட வந்துடுவா. வரட்டும், உங்ககிட்ட நல்லாத்தான் இருப்பா. ஆனா இவருக்குன்னு பக்கத்துல ஒருத்தர் வேணும்ல. நான் எங்கயும் போகமாட்டேன்."

ஆர்லிஸ் தன் காலடியைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்து அந்த இடத்தைவிட்டு விலகி நின்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிரிட்டா ரொவீனாவின் முந்தானை இருந்தால் பிடித்திருப்பாள், சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கம்?" என்று ஆர்லிஸ் இடதுபக்கத்தைக் காட்டினாள்.

"அது காலிதான்மா."

"அத நான் வாங்கிக்கிறேன்."

"ஆர்லிஸ், நமக்கு ஊர்ல சர்ச்சுக்குப் பின்னால எடம் இருக்கு. எங்கப்பா வாங்கி வச்சது," என்றார் வெர்னன்.

"எனக்கா கேட்டேன்? மரத்துக்கு." எலாதியோவிடம் திரும்பினாள். "வைக்கலாமா?"

"ஆபீசுல ஒரு வார்த்தை கேக்கணும். எடத்த வாங்கினவங்க சொன்னா சரிம்பாங்க." எலாதியோ மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தான். "ஆனா நான் வாரத்துக்கு ஒருக்காதான் இந்தப் பக்கம் தண்ணி விடுவேன்மா. இந்த வெயிலுக்கு அது பத்தாது. வேரு பிடிக்கிற வரைக்கும் யாராச்சும் தினம் வந்து ஊத்தணும். இல்லன்னா கருகிடும். ரெண்டு மூணு கோடை தாண்டிடுச்சுன்னா அப்புறம் அதுவே பாத்துக்கும்."

"தினமா?"

"தினம்மா."

ஆர்லிஸ் ரொவீனாவைப் பார்க்கவில்லை. பிரிட்டாவைப் பார்த்தாள். அவள் தலையில் கைவைத்து, வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"யாரு வந்து ஊத்துவா?" என்று கேட்டாள்.

"நானும் அம்மாவும் ஊத்துவோம் பாட்டி," என்றாள் பிரிட்டா.

"உங்கப்பன் மாதிரி பாக்கறேன் பாக்கறேன்னு சொல்லிட்டே இருக்கக் கூடாது."

"மாட்டேன்."

ஆர்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் திரும்பினாள்.

"வெர்னன், அந்தத் தார்ப்பாய அவுரு. பிள்ளையோட பெட்டிய எறக்கி அவ அம்மா கார்ல வை."

வெர்னன் வண்டிக்குப் போனார். காலையில் அவரே இறுக்கிக் கட்டிய முடிச்சு அவருடைய விரல்களுக்கு அவிழவில்லை. நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.